பத்து நிமிடத்துக்குக் கீழே

இந்த வாரம் என் ரத்தக் கொதிப்பை ஏற்றிவிட்டவர் ஒரு மனநல ஆலோசகர். தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் உட்கார்ந்திருந்தார். பேச்சு, ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பற்றி. 2024இல் எடுத்த கணக்கு அது. வீட்டு வேலை செய்கிற பெண்கள், சம்பளமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் கொடுக்கிறார்கள். செய்கிற ஆண்கள் 88 நிமிடம். ‘செய்கிற’ என்பதைக் கவனியுங்கள். துடைப்பத்தைத் தொடாத மகானுபாவர்கள் அந்தச் சராசரிக்குள் வரவே மாட்டார்கள். நெறியாளர் இதை வாசித்து முடித்ததும் ஆலோசகர் கனிவாகச் சிரித்தார். பெண்கள் தினமும் தங்களுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும், எம்ப்ராய்டரி, கைவேலை என்று மனசுக்குப் பிடித்த எதையாவது செய்ய வேண்டும் என்றார்.

289 நிமிடத்தை யார் தலையில் கட்டிவிட்டு இந்த 60 நிமிடத்தை ஒதுக்குவது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. 88 நிமிடக்காரர் பக்கம் திரும்பி, ‘ஐயா, நீங்கள் கொஞ்சம் எழுந்திருக்கிறீர்களா’ என்றும் கேட்கவில்லை. விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

இதைப் பற்றித்தான் இந்த வாரம் பக்கம் முழுக்க எழுதுவதாக இருந்தேன். ஆனால் அந்தக் கணக்கெடுப்பை நடத்தும் விதத்தைப் படித்ததும் புத்தி வேறு பக்கம் போய்விட்டது. காலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 4 மணி வரை, 24 மணி நேரத்தை அரை மணி அரை மணியாக வெட்டிக்கொள்கிறார்கள். ஒரு அரை மணிக்குள் பல வேலை நடந்திருந்தால், பத்து நிமிடமாவது நீடித்தவற்றில் மூன்று வரை எழுதிக்கொள்கிறார்கள். அதற்குக் குறைந்தது பதிவாகாது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டுமே. ஆனால் என் கிராஸ் ஸ்டிச் முழுக்க அந்தக் கோட்டுக்குக் கீழே நடப்பது. குக்கரின் முதல் விசிலுக்கும் மூன்றாவது விசிலுக்கும் நடுவில், பால் பொங்கக் காத்திருக்கையில், மகளின் டியூஷன் வாசலில். அரசாங்கக் கணக்குப்படி நான் ஊசியைத் தொட்டதே கிடையாது.

புதிதாக வாசிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. கிராஸ் ஸ்டிச் என்றால் பெருக்கல் குறி. அவ்வளவுதான். துணிக்கடையில் ‘மேட்டி துணி’ என்று கேட்டால், நெசவிலேயே கட்டம் கட்டமாக ஓட்டை விழுந்த ஒரு துணியைத் தருவார்கள். 14 கவுண்ட் என்றால் ஒரு அங்குலத்துக்கு 14 கட்டம். ஒரு கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி. ஒரு சதுர அங்குலம் நிரம்ப 196 வேண்டும். எம்ப்ராய்டரி நூல் 8 மீட்டர் கட்டாக வரும், ஆறு இழை சேர்ந்தது. இந்தத் துணிக்கு இரண்டு இழை போதும். ஆனால் இரண்டையும் சேர்த்து உருவினால் மிச்சம் நான்கும் முறுக்கிக்கொண்டு முடிச்சு விழும். ஒற்றை இழையாகப் பிடித்து, மற்றதைத் தளரவிட்டு, மேல்நோக்கி நிதானமாக உருவ வேண்டும். அடியில் நூல் புழுவாகச் சுருண்டு சேரும், கடைசியில் ஒரே இழுப்பில் நேராகிவிடும். அதைப் பார்ப்பதில் எனக்கு இன்னும் அலுக்காத ஒரு சந்தோஷம் இருக்கிறது. பிறகு, எல்லாப் பெருக்கல் குறிகளிலும் மேலே விழும் கை ஒரே பக்கம் சாய வேண்டும். நடுவில் ஒன்று மாறினாலும் வெளிச்சம் பட்டால் அந்த இடம் மட்டும் துருத்திக்கொண்டு தெரியும்.

ஆக, இது எண்ணிச் செய்கிற வேலை. எண்ணும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அந்தச் சட்டம் செல்லுபடியாகாது.

“அம்மா, என் சார்ஜர் எங்க?”

“இருபத்து மூணு.”

“என்னது?”

“ஃப்ரிட்ஜ் மேல. இருபத்து நாலு.”

இதற்கு நடுவில் எனக்குப் பிடித்த ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இதற்கு முன்னாலும் இரண்டொரு தடவை இழுத்திருக்கிறேன், பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எலிசபெத் வேலண்ட் பார்பர் 1994இல் வெளியிட்ட ‘விமன்ஸ் ஒர்க்: த ஃபர்ஸ்ட் 20,000 இயர்ஸ்’. தொல்லியலும் மொழியியலும் படித்தவர், அதோடு தறியில் உட்காரத் தெரிந்தவர். அந்தக் கடைசித் தகுதிதான் புத்தகத்தைத் தூக்கி நிறுத்துகிறது. ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்ற ஊரின் பழைய உப்புச் சுரங்கங்களில், உப்பின் புண்ணியத்தில் மக்காமல் கிடைத்த கட்டம் போட்ட துணித் துண்டு ஒன்றை, தானும் சகோதரியுமாகத் தறியில் ஏற்றி நெய்து பார்க்கிறார். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்க்கிற ஆராய்ச்சியாளருக்குப் பிடிபடாத விஷயங்கள், நெய்கிற கைக்குப் பிடிபடுகின்றன. லூவ்ர் அருங்காட்சியகத்தில் கையில்லாமல் நிற்கிறாளே மிலோ வீனஸ், அவளைப் பற்றியும் எழுதுகிறார். தோள்களின் வாகைப் பார்த்தால், அந்தக் கைகள் இருந்திருந்தால் கதிரில் நூல் நூற்றுக்கொண்டிருந்திருக்கலாம் என்கிறார். உண்மையோ இல்லையோ, உலகப் பேரழகி என்று இத்தனை பேர் பார்த்துப் பெருமூச்சு விட்ட பெண் வேலையில் இருந்திருக்கிறாள் என்ற யோசனையே எனக்குப் பிடித்திருக்கிறது.

பார்பர் தன் வாதத்தைத் தொடங்குவது ஜூடித் பிரவுன் என்ற மானுடவியலாளரின் 1970ஆம் ஆண்டுக் குறிப்பிலிருந்து. பல சமூகங்களில் துணி நெய்கிற, நூற்கிற வேலை பெண்கள் கையில் போய்ச் சேர்ந்தது ஏன்? பெண்களின் விரல் மெல்லியது, பொறுமை அதிகம் என்று வழக்கமாகச் சொல்லும் கதைகளை பிரவுன் தொடுவதில்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டே செய்ய முடிகிற வேலை எது என்று பார்க்கிறார். வீட்டை விட்டு வெகுதூரம் போகக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து இருக்கக் கூடாது. நடுவில் விட்டுவிட்டு எழுந்து போய், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர முடிய வேண்டும். நூற்பதும் நெய்வதும் தைப்பதும் அதில் தேறுகின்றன. இரும்பு உருக்குவது தேறாது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. மனம் ஒன்றிச் செய்ய வேண்டாத, திரும்பத் திரும்பச் செய்கிற வேலையாக இருக்க வேண்டும். இங்கேதான் எனக்கும் பிரவுனுக்கும் சண்டை. எண்ணிக்கைத் தையலில் மனம் ஒன்றாவிட்டால் மயில் வாத்தாகிவிடும். ஆனால் விட்ட இடத்தைத் துணியே பிடித்து வைத்துக்கொள்கிறது. கட்டம் நகராது. ஏற்கெனவே தைத்த ஓரத்திலிருந்து எண்ணினால் எங்கே நின்றோம் என்று தெரிந்துவிடும். நான் பாதியில் எழுந்து போய் வாழைக்காய் பொரியலைக் கிளறிவிட்டு வந்தாலும், வரிசை பாதிச் சாய்வுகளோடு அப்படியே இருக்கும். ஒரு மணி நேரம் ஒதுக்கினால்தான் நடக்கும் என்கிற வேலையாக இது இருந்திருந்தால் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தே இருக்காது.

முழு நேரமும் கையில் இருந்து கிராஸ் ஸ்டிச் செய்தவர் என்று எனக்குத் தெரிந்த ஒரே ஆள் ஒரு போர்க்கைதி. பிரிட்டிஷ் ராணுவ மேஜர் அலெக்ஸிஸ் காஸ்டக்லி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, 1941 டிசம்பரில் முகாமில் உட்கார்ந்து ஒரு துணியில் தையல் போட்டார். முதிய கிரேக்கத் தளபதி ஒருவரின் இற்றுப்போன ஸ்வெட்டரிலிருந்து பிரித்த நூல். நடுவில் தன் பெயர், சிறைவைத்த இடம், தேதி. சுற்றிலும் புள்ளியும் கோடுமாக அழகான ஓர விளிம்பு. ஜெர்மன் அதிகாரிகளுக்கு ரொம்பப் பிடித்துப்போய், மற்ற முகாம்களிலும் காட்சிக்கு வைத்தார்கள். அந்த விளிம்பு மோர்ஸ் குறியீடு. ஒரு சுற்றில் மன்னரைக் கடவுள் காக்கட்டும் என்றும், இன்னொரு சுற்றில் ஹிட்லரைப் பற்றி இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாத ஒரு வசவும் எழுதியிருந்தார். போர் முடியும்வரை ஒருத்தருக்கும் தெரியவில்லை. பின்னாளில் சக கைதிகளுக்குத் தையல் வகுப்பே நடத்தினார். யாரும் அவரிடம் சார்ஜர் கேட்கவில்லை.

நிற்க. வீட்டுக்குள் தையலுக்கு எதிரி நேரமின்மை மட்டும் இல்லை. இரண்டு கேள்விகளும் ஒரு கத்தரிக்கோலும் இருக்கின்றன.

முதல் கேள்வி, ‘யாருக்கு?’ வயர் கூடை பின்னினால் கேட்க மாட்டார்கள், அதில் காய்கறி வாங்கலாம். பேத்திக்கு ஸ்வெட்டர் பின்னினால் வாழ்த்துவார்கள். ஒன்றுக்கும் ஆகாமல், யாருக்கும் கொடுக்காமல், பார்த்துக்கொண்டிருப்பதற்காக மட்டும் ஒரு பெண் மாதக்கணக்கில் தைக்கிறாள் என்றால் வீட்டில் ஒரு சங்கடம் பரவுகிறது. “ஃபிரேம் போட்டு விக்கலாமே” என்கிறார் என் வீட்டுக்காரர், ஆதரவாகத்தான். அவர் ஞாயிறு முழுக்க கிரிக்கெட் பார்ப்பதை யாரிடம் விற்கலாம் என்று நான் கேட்பதில்லை.

இரண்டாவதைக் கேள்வி என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு சைகை. வாங்கியதும் துணியைத் திருப்பிப் பார்ப்பது. இதில் என் நாத்தனாரை மிஞ்ச ஆளில்லை. போன வாரம் வந்தாள். முன்பக்கத்தை ஒரு நொடி பார்த்தாள். திருப்பினாள். பின்பக்கத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். “மதினி, இங்க நூல் தாண்டிப் போயிருக்கே. பள்ளிக்கூடத்துல தையல் டீச்சர் இதுக்கு மார்க் குறைப்பாங்க.” ஆமாம் தாயே, தாண்டித்தான் போயிருக்கிறது. அந்த இடத்தில்தான் கேஸ் சிலிண்டர்காரர் வந்தார்.

பின்பக்கத்தைப் பற்றி அவ்வளவு கவலை உள்ளவர்கள் நீலகிரிக்குப் போய்த் தோடர் பெண்களின் வேலையைப் பார்க்க வேண்டும். அவர்கள் போர்த்துகிற பூத்துக்குளியில், வெள்ளைப் பருத்தித் துணியில், கறுப்பும் சிவப்புமாக நூலோட்டம். கிராஸ் ஸ்டிச் இல்லை அது, இழைக்குள் இழை கோக்கிற தையல். ஆனால் எண்ணிக்கைத் தையல்தான். துணியில் வரைந்துகொள்வது இல்லை, அச்சுக் கிடையாது, புத்தகம் கிடையாது. பாவையும் ஊடையையும் எண்ணி, ஞாபகத்திலிருந்து தைக்கிறார்கள். எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் வெளியே தெரியப் போர்த்தலாம். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இறந்தவர் உடலையும் புதுப் பூத்துக்குளியில்தான் போர்த்துகிறார்கள். இதை நான் நாத்தனாரிடம் சொன்னேன். அவள் உடனே ஒன்று வாங்கித் தரச் சொன்னாள்.

கத்தரிக்கோலுக்கு வருகிறேன். சின்னதாக, கொக்கு வடிவத்தில், மூக்கு நுனி மட்டும் வெட்டுகிற கத்தரிக்கோல் என்னிடம் ஒன்று உண்டு. நூலைத் தவிர அது வேறு எதையும் வெட்டக் கூடாது. காகிதம் வெட்டினால் முனை மழுங்கும். மழுங்கினால் நூலை வெட்டாது, கடிக்கும். இதை நான் தமிழில்தான் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் பால் பாக்கெட்டின் மூலை, சாம்பார் பொடி பாக்கெட், மகளின் சார்ட் அட்டை, புதுச் சட்டையின் விலைச் சீட்டு, வீட்டுக்காரரின் மாத்திரை அட்டை எல்லாமே அந்தக் கொக்கு வழியாகத்தான் போகின்றன. இத்தனைக்கும் அடுக்களையில் ஆரஞ்சுப் பிடி போட்ட பெரிய கத்தரிக்கோல் ஆணியில் தொங்குகிறது. “இதுதான் கைக்குக் கிடைச்சுது” என்கிறார்கள். நான் அதைத் துணிக்கடியில், டப்பாவுக்குள், டப்பாவைப் பைக்குள் ஒளித்து வைத்தால் எப்படிக் கைக்குக் கிடைக்கிறது? பெண்ணுக்கென்று ஒரு மணி நேரம் கேட்ட ஆலோசகர், ஒரு கத்தரிக்கோல் கேட்டிருந்தால் அவர் படத்தைச் சுவரில் மாட்டியிருப்பேன்.

இப்போது தைப்பது ஒரு கோலம். கடையில் விற்கும் கிட்டுகளைத் திறந்தால் பனிமலை, மரக்குடிசை, நாய்க்குட்டி. சலித்துவிட்டது. என் அம்மாவின் பழைய கோல நோட்டை எடுத்து, கட்டம் போட்ட காகிதத்தில் நானே வரைந்துகொண்டேன். நேர்ப்புள்ளிக் கோலம் மேட்டி துணியில் சிரமமில்லாமல் உட்காரும். இடைப்புள்ளி அப்படி இல்லை. கீழ் வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவில் மேல் வரிசைப் புள்ளி வந்து, மூன்றும் சமதூரத்தில் நிற்க வேண்டும். சதுரக் கட்டத்தில் அது எப்படி வரும்? மண்டையைக் குழப்பிக்கொண்டு, கடைசியில் பக்கவாட்டில் எட்டுக் கட்டத்துக்கு ஒரு புள்ளி, மேலே ஏழு கட்டத்துக்கு ஒரு வரிசை என்று வைத்தேன். சாய்வுத் தூரம் எட்டுக்கு ஒரு மயிரிழைதான் கூடுதல், கண்ணுக்குத் தெரியாது. சிக்குக் கோலத்தின் வளைவு மட்டும் படிக்கட்டாகவே விழுகிறது, அதற்கு வழியில்லை. கறுப்புத் துணியில் வெள்ளை நூல். மதுரைப் புதுமண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப்போன பிறகு எந்தக் கடை எந்த மூலை என்று தேடித் தேடித்தான் நூல் வாங்க வேண்டியிருக்கிறது.

கறுப்புத் துணியில் ஓட்டை தெரியாது. மடியில் வெள்ளைத் துண்டை விரித்துக்கொண்டு தைக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் என் மாமியார், கண்புரை ஆபரேஷன் முடிந்த புதுக் கண்ணோடு, எதிர் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. திருப்பிப் பார்க்கவும் இல்லை.

“நடுவுல என்ன வரும்?”

“நட்சத்திரம்.”

“பதினஞ்சு புள்ளி, இடைப்புள்ளி எட்டு வரைக்கும். இதுக்கு நடுவுல தாமரைதான் போடுவாங்க.”

“எங்கம்மா நோட்டுல நட்சத்திரம்தான் இருக்கு அத்தை.”

“உங்க ஊர்ல அப்படி இருக்கும்.”

மூன்று நாளாக இது ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று மளிகைக் கணக்கு நோட்டின் பின்னட்டையில் அவரே ஒரு தாமரை போட்டு, இதழுக்கு இதழ் புள்ளி எண்ணி, என் தையல் பைக்குள் செருகி வைத்திருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நட்சத்திரத்தில் பாதி தைத்தாகிவிட்டது, பிரிக்கிற உத்தேசம் எனக்கில்லை. தாமரைக்கு வேறு துணி வாங்கிக்கொள்ளலாம், அதை அவரே தைக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தால் சரி என்றிருக்கிறார்.