ஒளி வைத்தியமும் சூரிய பகவானும்

மருந்துக்கு அடங்காத கிருமிகளை, சாயம் ஒன்றைத் தடவி ஒளியைப் பாய்ச்சிக் கொல்லும் வைத்தியமொன்று வந்திருக்கின்றது என்று சொன்னால் போதும். உடனே நம் சாஸ்திரிகள், “இது எங்கள் ரிஷிகள் அன்றே கண்டது, அதற்குத்தான் சூரிய நமஸ்காரம்” என்று கிளம்பி விடுகிறார்கள். ஊரான் பிள்ளைக்குத் தகப்பனென்று சொல்லிக்கொள்வதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை.

ரிஷி கண்டிருந்தால் எந்தச் சாயம், என்ன நிற ஒளி, எவ்வளவு நேரம் என்று சொல்லியிருக்க வேண்டாமா? கண்டவன் கதையைக் கேளுங்கள். ஜெர்மனியில் மியூனிக் நகரில் டாப்பைனர் என்ற ஆசிரியரிடம் படித்த ராப் என்னும் மாணவன், அக்ரிடின் சாயம் பரமீசியம் என்ற நீர்வாழ் நுண்ணுயிரை எவ்வளவு நேரத்தில் கொல்லுகிறது என்று சோதித்தான். ஒரு நாள் ஒரு கணக்கு, மறுநாள் வேறு கணக்கு. நம்மவராயிருந்தால் ராகுகாலத்தின்மேல் பழி போட்டிருப்பார். அவனோ வெளிச்சத்தைக் கவனித்தான். வெளிச்சத்தில் சீக்கிரம் செத்தது, இருட்டில் சாகவில்லை. 1900-ல் அதை எழுதி வெளியிட்டான். பிராணவாயுவும் வேண்டும் என்பதைப் பின்னர் டாப்பைனர் கூட்டத்தார் கண்டார்கள்.

சாயம் ஒளியை விழுங்கி அந்தச் சக்தியைப் பிராணவாயுவுக்குக் கொடுக்க, அது முறுக்கேறிக் கிருமியின் மேல்தோலையும் உள்ளிருப்பதையும் ஒருமிக்கத் தாக்குகின்றது. பெனிசிலின் ஒரே இடத்தில் தாக்குவதால் கிருமி அதற்குத் தப்பும் வழியைக் கற்றுக்கொள்ளும். இங்கே எத்தனை வாசலைத்தான் அடைக்கும்?

ஒன்றை ஒப்புக்கொள்ளுகிறோம். வெண்குஷ்டத்திற்குக் கார்போகி விதையைப் பூசி வெயிலில் நிற்கும் வழக்கம் இந்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. ஒளியோடு சேர்ந்து வேலை செய்யும் சத்து அதிலிருப்பதும் மெய்தான். ஆனால் அது ஏன் என்று கேட்கவிடாமல் “பகவான் கடாட்சம்” என்று வாயடைத்தது யார்? கண்ட வைத்தியன் பேரையாவது எழுதி வைத்தார்களா?

நிற்க, இதைச் சர்வரோக சஞ்சீவி என்று நாமும் புளுகமாட்டோம். ஒளி சதைக்குள் ஆழமாக இறங்காது. ஆகையால் புண், பல் ஈறு, மூக்கு முதலிய மேலிடங்களுக்கே ஆகும். இரத்தத்தில் பரவிய நோய்க்கு ஆகாது. கனடாவில் வான்கூவர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன் நோயாளியின் மூக்கில் மெதிலீன் நீலம் தடவி, செவ்வொளி பாய்ச்சி, பின்னால் புண் சீழ்பிடிப்பதைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

2019-ல் மட்டும் மருந்துக்கடங்காத கிருமிகளால் நேராக மாண்டவர்கள் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். குறைந்த அளவு மருந்து கிருமியைப் பழக்கிவிடும் என்று பிளெமிங் 1945-லேயே நோபல் பரிசு மேடையில் எச்சரித்தார். நாமோ சாதாரண ஜலதோஷத்துக்கும் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குகிறோம்!

எங்கள் தெரு நெசவுக்காரர் ஒருவருக்குச் சர்க்கரை வியாதியால் காலில் புண். டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பாதியில் விட்டு, விபூதியை அப்பி, ஞாயிறுதோறும் சூரியனைப் பார்த்துக் கும்பிட்டு நின்றார். இப்போது அந்தக் காலில் மூன்று விரல்கள்தான் இருக்கின்றன. ரிஷிகள் அன்றே கண்டார்கள் என்று அவரிடம் போய்ச் சொல்லட்டும், பார்ப்போம்.