தராசின் முன் நின்றபோது



ஆலங்குளத்திலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், வளைகுடா நாட்டிலோ சிங்கப்பூரிலோ ஒருவரேனும் பிழைக்காத தெரு இன்று அரிதாகிவிட்டது. முன்னாளில் அயல்நாடு செல்வோர் திருச்சிக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருந்தது. 2012-ஆம் ஆண்டு மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் புறப்படத் தொடங்கியது. பின்னர் துபாய்க்கும் வழி திறந்தது. ஆகவே விமான நிலையத்தின் எடைத் தராசு, நம் தாய்மார்கள் பலருக்கு அறிமுகமான பொருளாயிற்று. அத்தராசின் முன் நான் கற்ற பாடம் ஒன்றை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன். அதில் பெருமைக்குரியது என்னிடம் ஒன்றுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், துபாயிலுள்ள தமிழ்க் குடும்பங்களுக்குத் தவக்காலத் தியானம் கொடுக்கும்படி அழைப்பு வந்தது. நம் பங்கைச் சேர்ந்த விதவைத் தாய் ஒருவரும் தம் மகன் வீட்டிற்கு அதே விமானத்தில் புறப்பட்டார். தீப்பெட்டி ஆலையில் உழைத்து அந்த மகனைப் படிக்க வைத்தவர் அவர். பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு நேரில் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. “சாமி, நீங்கள் கூட வந்தால் எனக்குப் பயமில்லை” என்றார். நானும் ஒப்புக்கொண்டேன்.

மதுரை விமான நிலையத்தில் அவருடைய பெட்டியையும் கயிறு கட்டிய அட்டைப் பெட்டி ஒன்றையும் தராசில் ஏற்றினோம். அவருடைய டிக்கெட்டுக்கு அனுமதி 30 கிலோ. தராசு 38 காட்டியது. மிகுந்த எட்டுக் கிலோவுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றாள் கணினியின் முன் அமர்ந்திருந்த இளம்பெண். ஒரு கிலோவுக்கு அவள் சொன்ன தொகை, அந்தத் தாயின் இரண்டு நாள் கூலிக்குக் குறையாது. அம்மையாரின் முகம் வாடிவிட்டது. “பிள்ளை பெற்ற மருமகளுக்கு லேகியமும் கருப்பட்டியும் கொண்டு போகிறேன், தாயி. இதற்கா காசு?” என்று கேட்டார்.

உடனே நான் முன்னே வந்தேன். “நான் ஆலங்குளத்துப் பங்குச் சாமியார். இவர்கள் ஏழைகள். கொஞ்சம் பார்த்துச் செய்யக்கூடாதா?” என்றேன். அவள் பணிவாகவே மறுத்தாள். என் குரல் உயர்ந்தது. “இருநூறு பேர் ஏறும் விமானம் எட்டுக் கிலோவினால் விழுந்துவிடுமா?” என்று கேட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மேலதிகாரியைக் கூப்பிடு என்றும் சொன்னேன். பத்து நிமிடம் இவ்வாறு சென்றது.

அந்தப் பெண் கண் கலங்கினாலும் பொறுமை இழக்கவில்லை. “சாமி, எடை கணினியில் பதிவாகிவிட்டது. நானாக விட்டுக்கொடுத்தால் விளக்கம் நான்தான் சொல்ல வேண்டும். ஒன்று கேட்கலாமா? உங்களுக்கும் 30 கிலோ அனுமதி உண்டு. உங்கள் பெட்டி 14 கிலோதான் இருக்கிறது. இவர்கள் பொருளில் கொஞ்சத்தை நீங்கள் கண்ணால் பார்த்து, உங்கள் பெட்டியில் வைத்துக்கொள்ளக் கூடாதா?” என்றாள்.

நான் வாயடைத்து நின்றேன். அந்தப் பத்து நிமிடத்தில் என் அங்கியின் மதிப்பைத் தராசில் வைத்துப் பேரம் பேசினேனேயன்றி, என் பெட்டியில் இருந்த காலி இடம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. தியானத்திற்காக நான் எழுதி வைத்திருந்த பிரசங்கம் எதைப் பற்றியது தெரியுமா? சிலுவைப் பாதையின் ஐந்தாம் நிலை. சீரேனே ஊர் சீமோன், பிறர் சுமையில் தோள் கொடுத்தவர்.

தரையில் அமர்ந்து அட்டைப் பெட்டியைப் பிரித்தோம். கருப்பட்டி, சாத்தூர்ச் சேவு, இட்லி அரிசி ஆகியவை ஒவ்வொன்றாக என் பெட்டிக்கு மாறின. அடியில், பழைய சேலையில் சுற்றிய சிறு பொட்டலம் ஒன்று இருந்தது. பிரித்துப் பார்த்தால் கம்பி மத்தாப்பு! “பேத்தி பிறந்தநாளுக்கு, சாமி. நம்ம ஊர்ச் சரக்கு” என்றார் அம்மையார், கள்ளமின்றி. பட்டாசு உண்டா என்று அந்தப் பெண் முன்னமே கேட்டிருந்தாள். மத்தாப்பும் பட்டாசுதான் என்று அம்மையாருக்குத் தோன்றவில்லை. அவள் காவலரை அழைத்து அதை ஒப்படைத்தாள். அம்மையாரிடம் கடுமையாக ஒரு சொல்லும் பேசவில்லை. நான் வேண்டியவாறு சலுகை காட்டி அந்தப் பெட்டியை அப்படியே அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் என் உடல் நடுங்குகிறது. ஏறுவதற்கு முன் திரும்பிச் சென்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை சாமி, தினமும் நடப்பதுதான்” என்றாள். அந்தச் சொல்தான் என்னை அதிகமாக வருத்தியது.

எடை விதியின் காரணத்தை நம் பகுதி மக்களுக்கு விளக்கத் தேவையே இல்லை. பட்டாசு ஆலையில் ஓர் அறைக்குள் இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து என்று அளவு உண்டு. அளவு மீறியபோது என்ன நேர்ந்தது என்பதற்கு நம் கல்லறைத் தோட்டங்களே சாட்சி. சிமெண்டு லாரி எடைமேடையில் ஏறாமல் ஆலை வாசலைத் தாண்டுவதில்லை. விமானமும் அவ்வாறே. மதுரைக்கு வந்து போகும் நடுத்தர விமானம் எரிபொருள், பயணிகள், மூட்டை எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 79 டன்னுக்கு மேல் சுமந்து எழும்பலாகாது. மொத்த எடை மட்டுமன்று. முன்புறம் எவ்வளவு, பின்புறம் எவ்வளவு என்னும் சமநிலையும் கணக்கிடப்படுகிறது. தராசில் பதிவாகும் எண்கள் அந்தக் கணக்கிற்கே செல்கின்றன. தனிப் பெட்டி ஒன்று 32 கிலோவுக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். அதைத் தூக்கும் தொழிலாளியின் முதுகைக் காப்பதற்கான விதி அது.

கட்டணத்தின் அளவு வேறு விஷயம். அதில் வியாபாரமும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. உள்நாட்டுப் பயணத்தில் 15 கிலோவுக்கு மேல் 20 கிலோ வரை, கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மிகுதியாக வாங்கலாகாது என 2016-இல் விமானப் போக்குவரத்து இயக்ககம் கட்டளையிட்டது. நிறுவனங்கள் வழக்காடின, 2017-இல் தில்லி உயர் நீதிமன்றம் அக்கட்டளையை நீக்கியது. அந்தக் கட்டணத்தைத் தீர்மானிப்பவர் நம் முன் அமர்ந்திருக்கும் பெண்ணல்லள். முறையீடு செய்ய வேண்டிய இடமும் அவளுடைய மேசையன்று.

இதை மறந்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு ஒரு சம்பவம். 2025 ஜூலை 26 அன்று ஸ்ரீநகர் விமான நிலையத்தில் பயணி ஒருவரின் கைப்பைகள் இரண்டும் சேர்ந்து 16 கிலோ இருந்தன. அனுமதி 7 கிலோ. கட்டணம் கேட்ட ஊழியர் நால்வர் தாக்கப்பட்டனர் என்றும், ஒருவருக்கு முதுகெலும்பு முறிந்தது என்றும் அந்த விமான நிறுவனம் அறிவித்தது. ஒன்பது கிலோவுக்காக ஒரு குடும்பத்தின் பிள்ளை மருத்துவமனையில் கிடந்தான். வாய்ச்சொல்லால் தொல்லை கொடுப்பவருக்கே மூன்று மாதம் வரை விமானப் பயணத்தைத் தடுக்க 2017-இல் வகுத்த விதிகள் இடமளித்தன என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

ஆதலால், பயணம் போகும் குடும்பங்களுக்குச் சில யோசனைகள்.

டிக்கெட்டில் எழுதியுள்ள எடையை வாங்கும்போதே படியுங்கள். கொக்கியில் மாட்டும் சிறு தராசு ஒன்று அன்பியத்திற்கு ஒன்றாக இருந்தால் போதும், வீட்டிலேயே நிறுத்துக்கொள்ளலாம். எடை மிகும் என்று தெரிந்தால் முன்கூட்டியே பணம் கட்டுங்கள். நிலையத்தில் கேட்கும் தொகையைவிட அது பெரும்பாலும் குறைவு. குடும்பமாகப் போகிறவர்கள் ஒரே பதிவில் டிக்கெட் எடுத்தால், ஒருவரின் மிகுதியை மற்றவரின் குறைவோடு சேர்த்துக் கணக்கிடப் பல நிறுவனங்கள் இசைகின்றன. ஊறுகாய், எண்ணெய் முதலியவற்றைக் கைப்பைக்கு மாற்ற இயலாது. பட்டாசு, மத்தாப்பு, தீப்பெட்டி எதுவும் வேண்டாம். தேங்காய்க் கொப்பரையும் சூடேறித் தீப்பற்றக்கூடியது, அதையும் விலக்குங்கள். பிறர் கொடுக்கும் பொட்டலத்தைக் கண்ணால் பாராமல் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

தராசில் ஐயம் இருந்தால், வெறுமையாக இருக்கும்போது சுழி காட்டுகிறதா என்று பாருங்கள். வேறொரு தராசில் நிறுக்கும்படி அமைதியாகக் கேளுங்கள். பணம் கட்டினால் இரசீது பெறுங்கள். நியாயமில்லை என்று தோன்றினால், ஊருக்குத் திரும்பி, நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கும், தேவையாயின் நுகர்வோர் ஆணையத்திற்கும் எழுதுங்கள். உரிமையைக் கேட்பது குற்றமன்று. அதை உரியவரிடம் உரிய முறையில் கேட்க வேண்டும்.

அந்தக் கணினியின் முன் அமர்ந்திருப்பவள் நம் வீட்டுப் பெண்ணைப் போன்றவளே. அவளும் ஒரு தாயின் கனவைச் சுமந்து வந்திருக்கிறாள். நம் பிள்ளைகளும் எங்கோ ஒரு நாட்டில், யாரோ ஒருவரின் கோபத்தை மேசைக்குப் பின்னால் நின்று வாங்கிக்கொண்டிருக்கக் கூடும்.

அந்தத் தாய் பேத்தியின் பிறந்தநாளை மெழுகுவர்த்தி ஏற்றிக் கொண்டாடினார். கருப்பட்டி வாசனை என் பெட்டியிலிருந்து வெகு நாள் நீங்கவில்லை. இப்போதெல்லாம் எங்கேனும் என் குரல் உயரத் தொடங்கினால், என் பெட்டியில் இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பார்க்கிறேன்.

உங்கள் அன்புள்ள,
பங்குத் தந்தை