கிடாரம் நிறைந்த இரவு

போன ஞாயிறு நாளிதழோடு ஒரு வண்ணத்தாள் வந்து விழுந்தது. 'இலையுதிர்கால விடுமுறைக்குக் கிராமத்து வீடுகள்' என்று கொட்டை எழுத்து. கீழே செட்டிநாட்டு வீடு ஒன்றின் படம். அதன் ஓரத்தில் சிவந்த மேப்பிள் இலைகள் உதிர்ந்து கிடந்தன. எனக்குச் சுருக்கென்றது.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு 'இலையுதிர்காலம்' என்ற சொல்லோடு எனக்கிருக்கும் பழைய வழக்கு தெரியும். நம் ஊர் வேம்பு இலையைக் கொட்டுவது மாசி, பங்குனியில். ஐப்பசியில் எதுவும் உதிர்வதில்லை. பொட்டலில்கூட ஒரே வாரத்தில் பச்சை கட்டும் மாதம் அது. ஆண்டை ஆறு பொழுதாகப் பிரித்து, ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் கூதிர் என்று பெயர் வைத்தவர்கள் நாம். குளிரும் ஈரமும் ஒன்றாகக் கேட்கிற சொல் அது. விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு அந்தச் சொல் கிடைக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

ஆனாலும் அந்தத் தாள் ஒரு நல்லது செய்தது. ஐப்பசியில் செட்டிநாட்டுப் பக்கம் போய்ப் பல வருடமாகிவிட்டது என்று நினைவுபடுத்தியது. புதன்கிழமையே கிளம்பிவிட்டேன். கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், விருந்தினருக்கு நான்கு அறைகளைத் திறந்துவிட்டிருக்கும் பழைய வீடு. வெயில் தணிந்து, மின்விசிறி இல்லாமலே உறங்கக்கூடிய காலம் இது. எந்த ஊரில் என்ன வாடகை, யார் வீட்டில் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று உங்களுக்கு உதவியாக எழுதலாம் என்றுதான் குறிப்பேட்டோடு போனேன். வெள்ளைப் பணியாரத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியும் வைத்தேன். அது இன்னொரு வாரத்துக்கு. ஏனென்றால் வியாழன் சாயங்காலம் காற்று மாறியது.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்தான் முதலில் கவனித்தார். "தம்பி, வாடை எறங்கிருச்சு. ராத்திரி ஊத்தும். கெடாரத்தை எடுத்து வச்சிருவோமா?" என்றார். இருவருமாக இரண்டாங்கட்டிலிருந்து ஒரு செம்புக் கிடாரத்தை உருட்டிக்கொண்டு வந்தோம். வளவில், அதாவது உள்முற்றத்தில், இரண்டு பக்கத்துக் கூரையும் சந்திக்கிற மூலையின் கீழ் அதை நிறுத்தினார். மேலே கூடுவாய், இரண்டு சரிவின் தண்ணீரும் சேர்ந்து விழும் இடம். மழை பிடித்ததும் நான் கிடாரத்தின் மூடியை எடுக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "இருங்க. மொத மழை ஓட்டைக் கழுவட்டும்."

கால் மணி நேரம் காத்திருந்தோம். ஓட்டிலிருந்து முதலில் பழுப்பாக இறங்கிய நீர் மெல்லத் தெளிந்தது. பிறகுதான் மூடியை எடுத்து, கிடாரத்தின் வாயில் துவைத்த வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டினார். தண்ணீர் துணியில் விழுந்து, ஒரு நொடி தேங்கி, வடிந்து இறங்கியது. வெறும் செம்பில் கணீரென்று கேட்ட ஓசை, நிறைய நிறையத் தாழ்ந்து, கடைசியில் தொண்டைக்குள் பேசுவது போலாயிற்று. எத்தனை குடம் ஏறியிருக்கிறது என்று அந்த ஓசையை வைத்தே அவர் சொன்னார்.

தூணின் மேல்பலகையில் இரண்டு புறாக்கள் ஒண்டியிருந்தன. இறங்கவும் இல்லை, உறங்கவும் இல்லை. ஒரு காலில் நின்று, மறு காலுக்கு மாறி, மறுபடி முதல் காலுக்கு வந்தன. அதைப் பார்த்ததும் பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை நினைவுக்கு வந்துவிட்டது. வராமல் எப்படி இருக்கும்? நக்கீரர் இந்தப் புறாவை அப்படியே பார்த்திருக்கிறார். இரவா பகலா என்று தெரியாமல், இரை தேடப் போகாமல், வீட்டின் கொடுங்கைப் பலகையில் கால் மாற்றிக்கொண்டு நிற்கும் செங்கால் சேவல் அவருடையது.

188 அடிகள். கூதிர் காலம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. பத்துப்பாட்டை உ.வே.சா. அச்சிட்ட 1889க்குப் பிறகு எத்தனையோ பேர் அதற்கு உரை சொல்லியிருக்கிறார்கள். போருக்குப் போன தலைவன் பாசறையில், அவனை எண்ணி உறங்காத தலைவி அரண்மனையில் என்று கதையை இரண்டு வரியில் முடித்துவிடலாம். எனக்கு அந்தக் கதையைவிட, குளிர் வந்ததும் ஒரு ஊர் எப்படித் தன் பழக்கங்களை மாற்றிக்கொள்கிறது என்று அவர் பார்த்த பார்வைதான் பெரிது. குறுகிய வாய்க் குடத்துத் தண்ணீரை யாரும் தொடுவதில்லை. அகன்ற வாய்ச் சட்டியில் நெருப்பை வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. வேனிலில் வீசிய விசிறியைச் சுருக்கி முளையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதில் சிலந்தி நூல் கட்டிவிட்டது. வானம் இருண்டு கிடப்பதால் பொழுது தெரியவில்லை. பெண்கள் பிச்சி மொட்டுகளைத் தட்டில் இட்டு வைத்து, அவை விரிவதைக் கொண்டு அந்தியை அறிந்து விளக்கேற்றுகிறார்கள்.

பாட்டில் ஒரு முற்றமும் உண்டு. மகர மீன் வாய் பிளந்தது போன்ற தூம்பின் வழியே மழைநீர் அருவியாக இரைந்து விழுகிறது. அந்த ஓசையோடு மயிலின் அகவலும் சேர்கிறது. இருபது வருடமாக இந்த இடத்தைப் படித்திருக்கிறேன். அது வெறும் அரண்மனைப் பெருமை என்று நினைத்திருந்தேன். வியாழன் இரவு வளவில் உட்கார்ந்தபோதுதான் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று புரிந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. போன வருடம் வேறோர் ஊரில், இதேபோல் விடுதியாக்கிய வீட்டில் தங்கினேன். முற்றத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தகடு போட்டு அடைத்திருந்தார்கள். கீழே சோபா. பகல் முழுக்க உள்ளே வெக்கை. செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முன்வாசலில் நின்றால் கட்டுகளைத் தாண்டிப் பின்வாசல் தெரியும். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலேறிப் போக, இரண்டு வாசலிலிருந்தும் குளிர்ந்த காற்று உள்ளே வரும். மேலே மூடியதும் அந்த மூச்சு நின்றுவிட்டது. அறைக்கு அறை ஏசி போட வேண்டியதாயிற்று. மழை வந்தபோது தகட்டில் தடதடவென்று ஒரு இரைச்சல் மட்டும். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

ஏன் மூடினீர்கள் என்று கேட்டதற்கு, விருந்தினர் வழுக்கி விழுவார்கள், குரங்கு இறங்கும் என்றார்கள். குரங்குக்கும் திருடனுக்கும் அந்தக் காலத்திலேயே பல வீடுகளில் முற்றத்தின் மேல் இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். வழுக்காமல் இருக்க ஒரு சாக்கை விரித்தால் போதும்.

வீடுகளை விடுதியாக்குவதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. பங்காளிகள் பலருக்கும் சொந்தமாகி, யாரும் வாழாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஒரு ஓடு நழுவினால் போதும், சில மழைக்காலங்களில் பர்மா தேக்கு உத்திரமே இற்றுவிடும். பிறகு தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேரும். ஆள் தங்கும் வீட்டில் ஓடு மாற்ற ஒருவர் இருப்பார். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. வீட்டைக் காப்பாற்றுங்கள், முற்றத்தையும் சேர்த்துக் காப்பாற்றுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

முற்றத்தின் வேலை அந்த வீட்டோடு நிற்பதில்லை என்பதைக் காலையில் பார்த்தேன். மழை விட்டிருந்தது. கிடாரத்துக்குப் போனது போக மிச்சத் தண்ணீர் வளவின் மூலையில் துளைபோட்ட கல்மூடி வழியாக இறங்கி, தரைக்கடியில் ஓடி, தெருவின் வாறுகாலில் கலந்தது. அதன் கூடவே நடந்தேன். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சிறு ஓட்டம் வந்து சேர்ந்துகொண்டது. தெருக்களே சரிவு பார்த்துப் போடப்பட்டவை. கடைசியில் வரத்துக்கால் வழியாக ஊருணி. வற்றாத ஆறு எதுவும் இல்லாத சீமைக்குக் குடிதண்ணீர் அப்படித்தான் கிடைத்திருக்கிறது; ஓட்டின் மேல் விழுந்த மழை, தெரு தெருவாக நடந்து படித்துறைக்கு வந்திருக்கிறது.

ஓரிடத்தில் மட்டும் ஓட்டம் நின்றது. வாறுகாலின் மேல் யாரோ சிமெண்ட் மேடை போட்டிருந்தார்கள். அங்கே தண்ணீர் திசை மாறி, ஒரு பள்ளத்தில் குப்பையோடு தேங்கிக் கிடந்தது. அதற்கு மேல் இருந்த வீடுகளின் மழை ஊருணிக்குப் போகவே இல்லை. ஊருணியில் பாதிப் படி வரைக்கும்தான் நீர் ஏறியிருந்தது.

திரும்பி வந்து பெரியவரிடம் சொன்னேன். தெரியும் என்று தலையசைத்தார். பிறகு கிடாரத்துத் துணியை அவிழ்த்து, ஒரு செம்பு மொண்டு கொடுத்தார். உப்பும் இல்லை, துவர்ப்பும் இல்லை. இன்னொரு குடம் மொண்டு அடுப்படிக்குக் கொண்டுபோனார். "மழைத்தண்ணிக்குப் பருப்பு வெரசா வெந்துரும் தம்பி, பாருங்க" என்றார். போர்த் தண்ணீரில் முக்கால் மணி கேட்கும் பருப்பு அன்று அரை மணியில் மலர்ந்து கிடந்தது. மேலே, முற்றத்துச் சதுரத்தில், வானம் மறுபடி கறுத்துக்கொண்டிருந்தது.