சான்றிதழ் இருந்தது, அணை இல்லை!



2019 ஜனவரி 25, மதியம் 12.28. பிரேசில் நாட்டின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலம், புருமாடின்யோ. வாலே நிறுவனத்தின் இரும்புத்தாது சுரங்கத்தில் சாப்பாட்டு நேரம். மேலே 86 மீட்டர் உயர மண் அணை. அதற்கு நேர் கீழே தொழிலாளர்களின் கேன்டீனும் அலுவலகமும்.

சில நொடிகளில் அணை சரிந்தது. ஐந்தே நிமிஷத்துக்குள் ஏறத்தாழ 1 கோடி கன மீட்டர் கழிவுச் சேறு கீழே பாய்ந்தது. 270 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலானவர்கள் அங்கே வேலை பார்த்தவர்கள். எச்சரிக்கை சைரன் கூட ஒலிக்கவில்லை.

"பிரேசில்ல நடந்ததுக்கு நம்ம பேஜ்ல எதுக்குப் பதிவு?"ன்னு கேக்குறீங்களா? கடைசி வரை படிங்க.

முதலில், அந்த அணை எப்படிக் கட்டப்பட்டதுன்னு பார்ப்போம். தாதுவைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற தூளும் தண்ணீரும் கலந்த சேற்றைத் தேக்க ஒரு கரை போடுவார்கள். அது நிரம்பினால் கரையை உயர்த்துவார்கள். செலவு குறைந்த வழி அப்ஸ்ட்ரீம் முறை. அதாவது, புதுக் கரையை ஏற்கனவே கொட்டின சேற்றின் மேலேயே உட்கார வைப்பது. சேறு காய்ந்து இறுகி இருந்தால் தாங்கும். உள்ளே தண்ணீர் தேங்கிவிட்டால், ஒரு கட்டத்தில் அந்த மண் தன் பலத்தை இழந்து கூழ் மாதிரி ஓட ஆரம்பிக்கும். சிவில் படித்த தம்பி தங்கைகளுக்கு லிக்விஃபேக்‌ஷன்னு சொன்னா புரியும்.

புருமாடின்யோவில் நடந்தது இதுதான். விசாரித்த நிபுணர் குழு சொன்ன காரணங்கள்: உள்ளே போதுமான வடிகால் இல்லை, அணைக்குள் நீர்மட்டம் அதிகம், கனமழை. இன்னொன்றும் சொன்னது: உடைவதற்கு முன் வெளியே தெரிகிற மாதிரி எந்தப் பெரிய அறிகுறியும் இல்லை. அப்படீன்னா, கரை மேல நடந்து பார்த்துட்டு "நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்றது ஆய்வே கிடையாது.

இதைவிடக் கொடுமை, அந்த அணைக்கு 2018இல் "உறுதியாக இருக்கிறது" என்று சான்றிதழ் கொடுக்கப்பட்டிருந்தது. கொடுத்தது ஜெர்மனியின் புகழ்பெற்ற டியூவி சூட் நிறுவனத்தின் பிரேசில் கிளை. அதற்குக் காசு கொடுத்தது யார்? அணைக்குச் சொந்தக்கார வாலே நிறுவனமே. பரீட்சை எழுதுறவனே பேப்பர் திருத்துறவருக்குச் சம்பளம் கொடுத்தா மார்க் எப்படி வரும்?

இத்தனைக்கும் அதே மாநிலத்தில் 2015 நவம்பரில் மரியானா அருகே ஃபுந்தாவ் அணை உடைந்து 19 பேர் இறந்திருந்தார்கள். அந்த நிறுவனத்திலும் வாலேக்குப் பங்கு உண்டு. அப்போதே பாடம் படித்திருந்தால் 270 உயிர் போயிருக்காது. அப்ஸ்ட்ரீம் அணைகளுக்குப் பிரேசில் தடை போட்டது 2019இல், புருமாடின்யோவுக்குப் பிறகுதான்.

இப்ப நம்ம நாட்டுக்கு வருவோம். அனல்மின் நிலையச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் கொண்டுபோய்க் கொட்டுகிற சாம்பல் குட்டைகளும் இதே குடும்பம்தான். இந்தியாவில் பல குட்டைகளின் கரைகள் இதே அப்ஸ்ட்ரீம் முறையில்தான் உயர்த்தப்படுகின்றன. 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், மத்தியப் பிரதேசம் சிங்ரௌலியில் சாசன் மின் நிலையத்தின் சாம்பல் கரை உடைந்து குழந்தைகள் உட்பட ஆறு பேர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள்.

தமிழ்நாட்டில் வடசென்னை, மேட்டூர், தூத்துக்குடி அனல்மின் நிலையங்களுக்குச் சாம்பல் குட்டைகள் உண்டு. எண்ணூர் பக்கம் குழாய் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்ததும், குட்டையை ஒட்டியிருக்கும் செப்பாக்கம் மக்கள் மாற்று இடம் கேட்டதும் ஊரறிந்த விஷயம்.

இந்தக் கரைகள் நாளைக்கே உடையும்னு பயமுறுத்த வரல. எந்த நிலைமையில இருக்குன்னு கீழ குடியிருக்குற மக்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான். 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டமும் கை கொடுக்காது. ஆற்றின் குறுக்கே தண்ணீரைத் தேக்கவோ திருப்பவோ கட்டுவதைத்தான் அது 'அணை' என்கிறது. சாம்பலும் சேறும் தேக்குகிற கரை அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறது.

நம் கோரிக்கைகள்:

🔴 எல்லாச் சாம்பல், சுரங்கக் கழிவுக் கரைகளின் ஆய்வறிக்கையையும் இணையத்தில் வெளியிடு!
🔴 ஆய்வு செய்பவரை அரசின் தனி ஆணையம் நியமிக்கட்டும், கூலியும் அதுவே கொடுக்கட்டும்!
🔴 கரைக்குள் நீர்மட்ட அளவீட்டை மாதாமாதம் அறிவி!
🔴 கரைக்குக் கீழே கேன்டீன், ஓய்வறை கூடாது. குடியிருப்பவர்களுக்கு மாற்று இடமும் சைரன் ஒத்திகையும் வேண்டும்!

லைக் போட்டுட்டு நகர்ந்துடாதீங்க தோழர்களே. இந்த மூன்று நிலையங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் ஒரு ஆர்டிஐ போடுங்க. கட்டணம் பத்து ரூபாய்தான், 30 நாளில் பதில் தரணும். மூணே கேள்வி: கடைசியா ஆய்வு எப்ப நடந்தது? உள்ளே நீர்மட்டம் எவ்வளவு? உடைஞ்சா எந்தெந்த ஊருக்கு, யார் தகவல் சொல்வாங்க? வருகிற பதிலை கமென்ட்டில் போடுங்க. பதில் வரலைன்னா அதையும் போடுங்க.

மக்கள் உயிருக்குக் கணக்கு கேட்போம்!

#கரையின்_நிலை_என்ன