திரையில் பறந்த விமானம் மைதானத்துக்கு வரும்போது

"என் மகளுக்கு 13 வயது. லீவு முழுக்க கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகினாள். இப்போது ரேடியோவில் இயங்கும் நிஜ விமானம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். 'பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம், கையைக் கிழிச்சுக்கப் போறா' என்கிறார் அவள் அப்பா. நான் யார் பக்கம் பேசுவது?" என்று ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார்.

இரண்டு பேர் பக்கமும் பேசலாம், சகோதரி. பெண்ணின் ஆசையில் தப்பில்லை. அப்பாவின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. 'பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு' என்பதை மட்டும் முதலில் ஒதுக்கி வைத்துவிடுவோம். 1936-லேயே சரளா தக்ரால் புடவை கட்டிக்கொண்டு ஜிப்ஸி மாத் விமானத்தைத் தனியாக ஓட்டினார். அப்போது அவருக்கு 21 வயது. இடுப்பில் ஒரு பெண் குழந்தை வேறு!

தரையில் உட்கார்ந்தபடியே பறக்கப் பழகுவதும் புது விஷயமில்லை. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929-ல் அப்படி ஒரு பயிற்சிப் பெட்டியைச் செய்தார். அவர் தகப்பனாருக்கு ஆர்கன் வாத்தியம் செய்யும் தொழிற்சாலை இருந்தது. நம் ஆர்மோனியத்தில் இருக்கிற மாதிரித் துருத்திகளை வைத்துத்தான் அந்தப் பெட்டியை அசைய வைத்தார். 1934-ல் விமானத் தபால் கொண்டுபோன ராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் சிக்கி இறந்த பிறகுதான், ராணுவம் அதை வாங்கியது. ஆகவே உங்கள் மகள் திரையில் செலவழித்த நேரம் வீண் இல்லை. விளையாட்டு என்று நாம் நினைப்பது நல்ல பயிற்சியாகவும் இருக்கலாம்.

ஆனால் பாருங்கள், திரையில் பழகினவளுக்கு எல்லாம் வந்துவிடாது. புத்தகத்தில் படித்துவிட்டு முதல் தடவை மைசூர்பாகு கிளறுகிற மாதிரிதான். பாகுப் பதம் கைக்கு வரவேண்டாமா?

திரையில் விமானம் எப்போதும் பெரிதாகவே தெரியும். மைதானத்தில் கொஞ்ச தூரம் போனதும் ஒரு புள்ளியாகிவிடும். வருகிறதா போகிறதா என்றே தெரியாது. திரையில் காற்றை நிறுத்தி வைக்கலாம். வெளியில் அது நம்மைக் கேட்டு வீசாது. எல்லாவற்றுக்கும் மேல், திரையில் விழுந்தால் ஒரு பொத்தானை அழுத்தினால் புது விமானம் வந்துவிடும். நிஜத்தில் விழுந்தால் பொறுக்கிக்கொண்டு வரவேண்டும். அந்த நினைப்பிலேயே கை நடுங்கும். முதல் நாள் எல்லோருக்குமே நடுங்கும்.

அதனால் விமானம் வாங்குவதற்கு முன் ரேடியோ டிரான்ஸ்மிட்டரை மட்டும் வாங்குங்கள். கம்ப்யூட்டரோடு இணைக்கக் கூடியதா என்று கடையில் கேட்டு வாங்கவேண்டும். கீ போர்டில் பழகின விரல் மைதானத்தில் உதவாது. எந்தக் குச்சியை நிஜத்தில் பிடிக்கப் போகிறாளோ அதையே வீட்டிலும் பிடிக்கட்டும். தினம் 20 நிமிஷம் போதும். பிறகு 20 அடி தள்ளி இருக்கிற எதையாவது 20 வினாடி பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு நல்லது.

பயிற்சி எப்படி? வேகமான சண்டை விமானம், குட்டிக்கரணம் எல்லாம் பிறகு. இறக்கை மேலே இருக்கும், மெதுவாகப் பறக்கும் பயிற்சி விமானத்தையே திரையிலும் தேர்ந்தெடுக்கவேண்டும். அதில் காற்றையும் வீசவிட்டு, ஏற்றி, இடமும் வலமும் சுற்றி, இறக்கவேண்டும். தொடர்ந்து 10 தடவை உடையாமல் இறக்கினால் மைதானத்துக்குப் போகலாம். இது நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து எண்ணக்கூடிய கணக்கு.

எல்லோரும் திணறுகிற இடம் ஒன்று உண்டு. விமானம் நம்மை நோக்கி வரும்போது இடது வலது மாறிவிடும். அப்போது எந்தப் பக்கத்து இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளவேண்டும். சாய்கிற பந்தலுக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி என்று சொல்லிக்கொடுங்கள். மறக்கவே மாட்டாள். இன்னொன்று, விமானம் கீழே வருகிறதே என்று பயந்து மூக்கை மேலே மேலே தூக்கக்கூடாது. வேகம் குறைந்து, இறக்கை தாங்கும் சக்தியை இழந்து, தொப்பென்று விழும். மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினால்தான் வேகம் வரும். அதற்கு உயரம் வேண்டும். ஒரு தப்பைத் திருத்துவதற்குள் இன்னொரு தப்பு செய்தாலும் சமாளிக்கிற உயரத்தில் பறக்கப் பழகட்டும்.

முதல் விமானம் நுரைப் பொருளில் செய்ததாக இருக்கட்டும். விழுந்தாலும் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் வீட்டில் இருக்கும் சாதாரண சூப்பர் பசை தெர்மோகோலைக் கரைத்துவிடும். நுரைக்கென்று இருக்கிற பசையைக் கேட்டு வாங்குங்கள். புரொப்பெல்லர் பின்பக்கம் இருக்கிற மாடல் கிடைத்தால் நல்லது. தரையில் மூக்குக் குத்தினாலும் அது உடையாது.

இப்போது அப்பாவின் பயத்துக்கு வருவோம். புரொப்பெல்லர் விளையாட்டுச் சாமான் இல்லை, சகோதரிகளே. மிக்ஸியின் பிளேடுக்குக் கொடுக்கிற மரியாதையை அதற்கும் கொடுக்கவேண்டும். வீட்டுக்குள் மோட்டாரைச் சோதிக்கும்போது அதைக் கழற்றி வைத்துவிடவேண்டும். மைதானத்தில் முதலில் டிரான்ஸ்மிட்டரைப் போட்டு, வேகக் குச்சி அடியில் இருக்கிறதா என்று பார்த்து, பிறகுதான் விமானத்தில் பாட்டரியைச் செருகவேண்டும். முடித்த பிறகு முதலில் விமானத்தின் பாட்டரியைக் கழற்றவேண்டும், டிரான்ஸ்மிட்டர் கடைசியில். பெண் குழந்தைகள் பின்னலை மடித்துக் கட்டிக்கொள்ளவேண்டும். துப்பட்டா வேண்டவே வேண்டாம். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, தலைக்குத் தொப்பி, குடிக்கத் தண்ணீர். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நிற்கவேண்டும்.

வீட்டில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது பாட்டரி விஷயத்தில்தான். லித்தியம் பாலிமர் பாட்டரி அடிபட்டாலோ, அளவு மீறிச் சார்ஜ் ஏறினாலோ தீப்பிடிக்கும். அதற்குரிய பாலன்ஸ் சார்ஜரில்தான் போடவேண்டும். மெத்தை, திரைச்சீலை, காஸ் அடுப்பு இவற்றுக்குப் பக்கத்தில் கூடாது. வெறும் சிமென்ட் அல்லது ஓட்டுத் தரை நல்லது. ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கவே கூடாது. பக்கத்தில் யாராவது விழித்திருக்கவேண்டும். உப்பின பாட்டரியை 'இன்னும் ஒரு தடவை' என்று ஆசைப்பட்டுப் போடாதீர்கள். குப்பைத் தொட்டியிலும் எறியாதீர்கள். பாட்டரிக் கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள். வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள். சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

எங்கே பறப்பது? மொட்டை மாடியிலும் தெருவிலும் வேண்டாம். மின்கம்பி, சாலை, ஜனக்கூட்டம் இல்லாத திறந்த வெளி வேண்டும். காற்று அடங்கியிருக்கிற அதிகாலைதான் நல்ல நேரம். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த ட்ரோன் விதிகள் எடையை வைத்துப் பிரிக்கின்றன. 250 கிராம் வரை 'நானோ'. முதல் விமானம் அதற்குள் இருந்தால் சிரமம் குறைவு. ஆனாலும் விமான நிலையத்துக்கு அருகில் இஷ்டப்படி பறக்க முடியாது. எந்த இடத்தில் பறக்கலாம் என்று காட்டும் அரசாங்க வரைபடத்தை வீட்டுக்காரரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எதிர்ப்பவருக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்தால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்!

முதல் சில நாட்கள் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது அவசியம். சொல்லிக்கொடுப்பவர் கையில் ஒரு டிரான்ஸ்மிட்டர், பிள்ளை கையில் ஒன்று என்று இரண்டையும் இணைத்துப் பழக்குவார்கள். தடுமாறினால் பெரியவர் வாங்கிக்கொள்வார். டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டாவது பிரேக் இருக்குமே, அதே மாதிரி. பள்ளியில் என்.சி.சி. விமானப் பிரிவு இருந்தால் விசாரியுங்கள். அங்கே மாதிரி விமானப் பயிற்சி உண்டு.

அம்மாவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பறக்கவிடுகிறவளின் கண் வானத்திலேயே இருக்கும். மைதானத்துக்குள் யார் வருகிறார்கள், நாய் ஓடுகிறதா, பட்டம் பறக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருங்களேன்! ஒரு குடையும் ஃபிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு போனால் உங்களுக்கும் நல்ல காற்று.

ஒருநாள் விமானம் விழத்தான் போகிறது. "காசு போச்சே, அப்பவே சொன்னேனே" என்று அந்த இடத்தில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் பாட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். துண்டுகளைச் சேர்த்துப் பொறுக்குங்கள். வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு, "எந்த இடத்தில் கை தப்பிச்சு?" என்று கேளுங்கள். அவளே சொல்லிவிடுவாள். ஒட்டுகிற வேலையையும் அவளே செய்யட்டும். பசை காய்வதற்குள் மறுபடி திரை முன்னால் உட்கார்ந்து, தப்பிய அதே திருப்பத்தை நாலு தடவை பழகுவாள்.

கடிதம் எழுதிய சகோதரியே, பரீட்சை முடிந்ததும் டிரான்ஸ்மிட்டரை வாங்கிக் கொடுங்கள். 10 தடவை இறக்கிக் காட்டினால் விமானம் என்று அப்பாவையே வாக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். முதல் நாள் மைதானத்துக்கு அவரும் வரட்டும். எப்படி நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.