பையினுள் என்ன?

ராஜாஜி 1878-ஆம் வருஷம் பிறந்த தொரப்பள்ளி கிராமம் இன்று ஓசூர்த் தொழிற்சாலைகளின் அண்டையில் இருக்கிறது. ஆலை வேலை முடிந்து திரும்புகிறவர் வீட்டிலும், பெங்களூர் போய்வரும் உத்தியோகஸ்தர் வீட்டிலும், ‘பீன் பேக்’ என்னும் பை ஆசனம் இப்பொழுது இடம் பிடித்துவருகிறது. 1968-ல் இத்தாலிய வடிவமைப்பாளர் மூவர் வகுத்த உருவம் அது. உட்காருகிறவனின் உடம்புக்குத் தக்கபடி வளைந்துகொடுக்கும். தரைக்கு அருகில் உட்காருவது நம்மவர்க்கு இயல்பேயாதலால், ஆசனத்தைப் பற்றி நமக்கு ஆக்ஷேபம் ஒன்றுமில்லை. ஆனால் உறையை ஒரு விலைக்கும், உள்ளே நிரப்பும் சரக்கை வேறொரு விலைக்கும் விற்கும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. உறையின் வர்ணத்தை அரைமணி நேரம் ஆராய்கிற நமது ஜனங்கள், உள்ளே போவதைப் பற்றி ‘எது மலிவு?’ என்று கேட்பதோடு நின்றுவிடுகிறார்கள். கேட்கவேண்டிய கேள்வி வேறு. பை கிழிந்தால் உள்ளே இருப்பது எங்கே போகும்?

பெயரில்தான் அவரை இருக்கிறது; பையில் இல்லை. ஓசூர்ப் பக்கத்தில் மார்கழி, தை மாதங்களில் அவரைக்குக் குறைவில்லை என்றாலும், அதை மூட்டை கட்டி மேலே உட்கார்ந்தால் நமக்கு முன் வண்டு குடியேறிவிடும். கேழ்வரகு உமி மழைக்கால ஈரத்தைக் குடித்து நாறும்.

கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது தெர்மாகோல் மணி. பாலிஸ்டைரீன் என்னும் ரசாயனப் பொருளை நீராவியில் பல மடங்கு பருக்கச் செய்து இதை எடுக்கிறார்கள். பருத்த மணியில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் வெறுங்காற்று. இரண்டு மூன்று கிலோ இருந்தால் ஓர் ஆசனம் நிரம்பிவிடும். விலை சொற்பம், பூச்சி அரிக்காது, ஈரம் குடிக்காது. இந்த நற்குணங்களை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் எந்த லேசு அதற்குக் கீர்த்தியோ, அந்த லேசே அதன் தோஷமுமாகும். 2017 ஏப்ரலில் வைகை அணையின் நீர் ஆவியாவதைத் தடுக்கவென்று மந்திரி செல்லூர் ராஜு தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதையும், காற்று அவற்றைக் கரைக்கு ஒதுக்கிவிட்டதையும் கண்டு நாடே சிரித்தது. அட்டையையாவது பொறுக்கிவிடலாம், மணியைப் பொறுக்குவது எங்ஙனம்? கையில் ஒட்டும்; துடைப்பத்துக்கு அடங்காது; சாக்கடை வழியே ஏரிக்கும் ஆற்றுக்கும் போய்ச் சேரும். பெங்களூர்ப் பக்கத்துக் கழிவுநீரால் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் பார்த்து மனம் நொந்திருக்கும் தென்பெண்ணைக் கரையாருக்கு இன்னொரு வெள்ளை வஸ்துவும் வேண்டுமா? நுரையாவது வெயிலில் அடங்கும்.

குழந்தைகளின் உயிர் விஷயம் இதனினும் பெரிது. ஜிப்பைத் திறந்து உள்ளே புகுந்த இரண்டு குழந்தைகள் மூச்சடைத்து இறந்ததன் பேரில், 2014 ஆகஸ்டில் அமெரிக்காவில் சுமார் 22 லட்சம் ஆசனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. மூச்சுக்குழலில் புகுந்த மணி எக்ஸ்ரே படத்திலும் தெரிவதில்லை என்பதைத் தாய்மார் அறிவார்களா?

2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தெர்மாகோல் தட்டுக்குத் தடை. 2022 ஜூலை முதல் அலங்காரத் தெர்மாகோலுக்கு இந்தியா முழுவதும் தடை. பந்தியிலும் பந்தலிலும் விலக்கப்பட்ட அதே வஸ்து, ஆசனத்தின் வயிற்றில் ஒளிந்து கூடத்துக்குள் வருகிறது!

மாற்று இல்லாமலில்லை. போடிநாயக்கனூர் இலவம்பஞ்சைத் தலையணையில் அறியாத தமிழர் இலர். உள்ளே குழலும் மேலே மெழுகுப் பூச்சுமாக அமைந்த நார் அது. நீரில் எளிதில் ஊறாமையால் ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்புச் சட்டைகளுக்கும் உபயோகப்பட்டது. கிளிக்கு ஏமாற்றமளித்த பஞ்சாயினும் நமக்கு அப்படியல்ல. குறைகள் உண்டு: மணியைப் போல் ஓடி நெகிழாது; நாளடைவில் அமுங்கும்; அடிக்கடி வெயிலில் போட்டுத் தட்டவேண்டும்; மணியைப் போலவே நெருப்புக்கும் அஞ்சவேண்டும்; செலவும் அதிகம். ஆனால் கிழிந்து சிதறினால் மண்ணோடு மண்ணாகிவிடும். அந்நிய நாட்டுச் சரக்கென்பதற்காக மாத்திரம் ஒன்றைத் தள்ளுவது விவேகமன்று. எனினும் பாலிஸ்டைரீனுக்கு மூலமான ஸ்டைரீன் பெரும்பாலும் கடல் கடந்து வருவது; இலவமோ நமது மலையடிவாரத்தில் காய்ப்பது. அமுங்குவதைத் தட்டிச் சரிசெய்துகொள்ளலாம். ஆற்றில் போன மணியை மீட்க முடியாது. ஆகையால் புதிதாக வாங்குகிறவர்கள் இலவம்பஞ்சையே கேட்டு வாங்கவேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

முன்னமே மணி வாங்கிவிட்டவர்கள் அதைக் குப்பையில் கொட்டவேண்டாம். கெட்டித் துணியில் ஓர் உட்பை தைத்து, அதில் மணியை அடைத்து வாயை மூடித் தைத்துவிடுக. வெளி ஜிப்பின் பிடியைக் கழற்றி எறிக. மணி அமுங்கிப்போனால் புதிது வாங்குமுன், வீட்டுக்கு வரும் பார்சல்களின் தெர்மாகோலை உதிர்த்து அதே உட்பையில் சேர்க்கலாம். ஓசூர், கிருஷ்ணகிரி வியாபாரிகளும் மணியை மெல்லிய பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுப்பதை விட்டு, தைத்த உட்பையோடு மாத்திரமே விற்பதென்று தங்களுக்குள் தீர்மானம் செய்துகொள்ளவேண்டும். உட்பைக்கு ஆகும் துணி இரண்டு மூன்று கெஜத்துக்கு மேற்படாது.