"கெட்ட ரத்தம் போகட்டும் விடுங்கோ"

இந்த வசனத்தை நான் முதலில் கேட்டது 1991இல், வடமராட்சியில். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. சின்னம்மாவுக்கு வீட்டிலேயே பெண்பிள்ளை பிறந்திருந்தது. லாம்பு வெளிச்சத்தில் பழஞ்சீலை மேல் பழஞ்சீலையாகக் கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அம்மம்மா, "பத்து மாதம் அடைச்சிருந்த கெட்ட ரத்தம், போகத்தானே வேணும்" என்றா. விடியப்புறமாக மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒரு காரைப் பிடித்து ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது சின்னம்மா இல்லை.

அதே வசனத்தைப் போன மாதம் இங்கே கேட்டேன், தொலைபேசியில்.

பெறாமகளுக்குப் பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள். திரும்பவும் இரத்தம் கூடப் போகிறது. ஊரிலிருந்து மாமியார் சொல்கிறா, அது கழிவுதான், சரக்குத்தண்ணி குடித்தால் சரிவருமாம். பெடியன் எனக்கு எடுத்தது வைத்தியம் கேட்க இல்லை. ஆஸ்பத்திரிக்கு எடுத்து இந்த நாட்டுப் பாஷையில் எப்படிச் சொல்வது என்று கேட்க. "எத்தனை பாட் மாத்தினவள்?" என்றேன். அவனுக்குத் தெரியாது. அதெல்லாம் ஆம்பிளையள் கேக்கிற விசயமோ என்ற வெட்கம். உள்ளே போய்க் கேட்டு வந்து சொன்னான்: மணித்தியாலத்துக்கு ஒன்று, முழுக்க நனைந்து. நான் உடனேயே அம்புலன்சுக்கு அடித்தேன். நச்சுக்கொடியின் ஒரு துண்டு உள்ளே தங்கியிருந்ததாம்.

கெட்ட ரத்தம் என்று ஒன்று இல்லை. பிள்ளை பிறந்தபின் கொஞ்ச நாள் தீட்டுப் போவது வழமைதான். ஆனால் நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லீற்றருக்கு மேல் இரத்தம் ஓடுகிறது. நச்சுக்கொடி கழன்றதும் கர்ப்பப்பையின் தசை இறுகித்தான் அந்தக் குழாய்களை நெரித்து மூடவேணும். இறுகாவிட்டால் ஓடுவது அவளுடைய சொந்த இரத்தம். கர்ப்பிணிக்கு இரத்தம் வழமையைவிடக் கூட இருப்பதால், கன அளவு போகும்வரை ஆள் தெளிவாகக் கதைத்துக்கொண்டிருப்பாள். சின்னம்மாவும் தேத்தண்ணி கேட்டவ.

அம்மம்மாவை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கர்ப்பப்பையை இறுக்கும் ஒக்சிற்றோசின் ஊசிமருந்தைக் குளிரில் வைக்கவேணும். 1990க்குப் பிறகு எங்களுக்குக் கரண்ட் இல்லை. மருந்துக்கும் எரிபொருளுக்கும் தடை. ஷெல்லில் செத்தவர்களை எண்ணினோம். இப்படிச் செத்த பெண்களை யார் எண்ணினது?

யப்பானில் உத்தாக்கோ ஒக்காமோத்தோ என்ற பெண் மருத்துவர் பிரசவ இரத்தப்பெருக்குக்கு மருந்து தேடி, ரனெக்சாமிக் அமிலத்தை 1962இலேயே கண்டுபிடித்துவிட்டார். அது இந்தத் தாய்மாரைக் காப்பாற்றுமா என்று இருபதாயிரம் பெண்களில் பார்த்து முடிவு வந்தது 2017இல். மூன்று மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் இரத்தப்பெருக்கு மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஐம்பத்தைந்து வருசம்! ஆம்பிளைக்கு வருகிற வருத்தமென்றால் இவ்வளவு காலம் எடுத்திருக்குமோ என்று நான் கேட்டால் மனுசி சிரிக்கிறாள்.

2023இல் கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தன்சானியாவில் செய்த ஆய்வு இதைவிடச் சாதாரணமானது. தாய்க்குக் கீழே அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்ரிக் விரிப்பு. கண்மட்டத்தை விட்டு இரத்தத்தை அளந்து, கூடினவுடனே எல்லாச் சிகிச்சையையும் ஒன்றாகத் தொடங்கினார்கள். கடும் இரத்தப்பெருக்கும் அதனால் வரும் விளைவுகளும் 60 வீதம் குறைந்தன. அளந்தார்கள், அவ்வளவுதான்.

எங்கட வீடுகளிலும் அளக்கலாம். மணித்தியாலத்துக்கு ஒரு பாட் நனைந்தால், முட்டையளவு கட்டி விழுந்தால், தலை சுற்றினால், உடனே அம்புலன்ஸ். கர்ப்பமாக இருக்கும்போது நோவில்லாமல் இரத்தம் பட்டாலும் விடியட்டும் என்று இருக்கக்கூடாது. புருசன்மாரே, அந்த எண்ணிக்கை உங்களுக்குத் தெரிந்திருக்கவேணும். பாஷை தெரியாவிட்டால் "இரத்தம்", "பிரசவம்" என்ற இரண்டு சொல்லையாவது பாடமாக்கி வைத்திருங்கள்.

பெறாமகள் மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமியாருக்கு நான்தான் எடுத்துச் சொன்னேன். எங்கள் ஊர்க்காரிதான். கொஞ்சநேரம் சத்தமில்லை. பிறகு, "அப்ப தம்பி, உங்கட சின்னம்மாவையும் காப்பாத்தியிருக்கலாமோ?" என்று கேட்டா.

"ஓமக்கா" என்றேன்.